முதல் டம்ளர் அக்காவுக்கு

கரிக்கலாம்பாக்கம் தாண்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் என் பையில் அக்காவின் டம்ளர் இருப்பது தெரிந்தது. வேர்வை துடைக்கத் துண்டை உருவினேன். துண்டோடு அதுவும் வந்து தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. விளிம்பில் நெளிவு விழுந்த எவர்சில்வர் டம்ளர். காலையில் பாகூர் வயல் வரப்பில் அக்கா அதைக் கோபத்தில் வீசினாள். நான் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். டீ கொண்டுபோகிறவனின் பழக்கம் அது. காலி டம்ளரைக் கண்டால் கை தானாக எடுத்துவிடும்.

புரட்டாசி மாசத்து நடுப்பகல். கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் மனசு வரவில்லை. டம்ளரைத் துடைத்து மறுபடி பையில் போட்டு, வில்லியனூர்ப் பக்கம் நடந்தேன்.

நடந்து போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பஸ் ஏறியவன் நான். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன். பெங்களூரில் ஜூஸ் கடையில் இருந்தேன். ஓசூர் பக்கம் ஒரு கலர் கம்பெனியில் எட்டு மாதம். கலர் என்றால் பாட்டிலில் அடைத்து வரும் இனிப்புச் சோடா. அங்கே என் வேலை, கொதிக்கிற சக்கரைப் பாகைத் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கிளறிக்கொண்டே இருப்பது. மூட்டை மூட்டையாகச் சக்கரை உள்ளே போகும். தரையெல்லாம் பிசுக்கு. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒட்டி, உரிந்து வருகிற சத்தம் கேட்கும். அதிலிருந்து நான் கலர் குடிப்பதில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. பாட்டிலைப் பார்த்தால் அந்தச் செருப்புச் சத்தம் காதில் கேட்கிறது, அவ்வளவுதான்.

எங்கே போனாலும் என் உடைமை எல்லாம் ஒரே பையில் இருக்கும். அந்தப் பை எப்போதும் என் தோளில் இருக்கும். இது அக்காவுக்குப் பிடிக்காது. அவள் வீட்டில் எனக்கென்று ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறாள். "கடைக்குப் போறதுக்குக் கூட பையை மாட்டிக்கினு போறியே, நாங்க இன்னா திருடிக்கவா போறோம்?" என்பாள். ஆணி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவள். மாமா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பெண்ணைக் கடலூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். நடவுக்கு ஆள் கூட்டிப் போவதுதான் அவள் தொழில். பாகூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் நாற்று தயாரானதும் அவளுக்குப் போன் போடுவார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவாள். கூலியைப் பதின்மூன்று பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். கூட்டிப் போகிறவளுக்கென்று தனியாக எதுவும் கிடையாது. அவள்மேல் பன்னிரண்டு பேரும் நம்பிக்கை வைத்திருப்பது அதனால்தான்.

இந்த முறை நான் ஊருக்கு வந்தபோது அவள் குழாயடியில் உட்கார்ந்து இடது காலின் பெருவிரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேற்றில் நத்தை ஓடு கிழித்த காயம். ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை. பால் பாக்கெட் கவரைச் சுற்றி, நூல் கட்டி, அதன்மேல் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் சைக்கிளில் உட்காரவைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிப்பீங்க?"

"ரெண்டு."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாத்திரை கொடுத்தார். காயத்துக்குக் கட்டுப் போட்டார். "மாத்திரை மட்டும் போதாதும்மா. சக்கரை போட்ட டீ, கலர், ஜூஸ் எல்லாத்தையும் நிறுத்துங்க. மூணு வாரம் கழிச்சி வாங்க. அப்பவும் எறங்கலன்னா சேத்துல கால் வெக்கவே கூடாது. அதுக்கும் மேல போச்சின்னா இந்த வெரலப் பத்தி டவுன் ஆஸ்பத்திரியிலதான் பேசணும்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு கேரியரில் இருந்தபடி என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "கூட்டத்துல எவகிட்டயாவது சொன்ன, நாக்க அறுத்துடுவேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். கால் சீக்கு உள்ளவள் ஆள் கூட்டுகிறாள் என்று தெரிந்தால் நிலத்துக்காரர் அடுத்த போனை வேறு ஆளுக்குப் போடுவார், இல்லாவிட்டால் நடவு மெஷினைக் கூப்பிடுவார். பதின்மூன்று அடுப்பு அந்தப் போனை நம்பி எரிகிறது.

மறுநாள் காலை அவள் டீயில் வெல்லத்தைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"நர்ஸம்மா சக்கரைதானே வேணான்னாங்க. நான் வெல்லந்தான் போடுறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. அதுவும் கரும்புல இருந்துதான் வருது."

"கரும்புல இருந்து வந்தா நல்லதுதானே? நம்ம கொல்லையில வெளயிறது."

பாகு கிளறின கதையை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வெல்லத்தை என் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்விட்டேன். அதற்கும் திட்டினாள். ஆனால் வீட்டில் குடிக்கிற டீ அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அன்று சாயங்காலம் அவளோடு ஆள் கூட்டப் போனபோது தெரிந்தது.

நடவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "நாளைக்கு எத்தினி மணிக்கு, யார் கொல்லைக்கு" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கொல்லை என்றால் எங்கள் பக்கம் வயல். போனில் சொன்னால் வர மாட்டார்கள். நேரில் வந்து கூப்பிடாதவள் ஒரு ஆளா என்பார்கள். போன வீட்டில் டீ கொடுப்பார்கள். பால் இல்லாத வீட்டில் கடைக்கு ஓடிப்போய் கலர் வாங்கி வந்து உடைப்பார்கள். அன்று நான் ஏழு வரை எண்ணினேன். எட்டாவது வீட்டில் எனக்கு வயிறு குலுங்கியது. அக்கா எல்லாவற்றையும் குடித்தாள்.

"ஒரு வூட்லயாவது வேணான்னு சொல்லேன்க்கா."

"எந்த வூட்ல?" என்று கேட்டாள். "நீயே சொல்லு. எந்த வூட்ல வேணான்னு சொல்லட்டும்?"

கூட்டத்தில் ஐந்து பேர் காலனிப் பெண்கள். எங்கள் வீடு ஊர்த்தெருவில். காலனி வீட்டில் கொடுத்த டீயை அக்கா மறுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அவள் எத்தனை காரணம் சொன்னாலும் அந்த அர்த்தம் மாறாது. காலனியில் குடித்துவிட்டு ஊர்த்தெருவில் மறுத்தால் அங்கே வேறு பேச்சு கிளம்பும். ஆகவே எல்லா வீட்டிலும் குடித்தாள். விரலைவிட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதில் அவளைத் தப்புச் சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை.

வயலில் இன்னொரு வழக்கம். நிலத்துக்காரர் கடையிலிருந்து வரவழைக்கும் டீ கூலியில் சேர்ந்தது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. யாரோ எப்போதோ முந்தின நாள் திரிந்த டீயைச் சூடுபண்ணி அனுப்பினார்களாம். அதிலிருந்து ஆள் கூட்டுகிறவள் முதல் டம்ளர் குடித்து, தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் வாங்குவார்கள். நிறைய ஊற்ற வேண்டும், முழுசாகக் குடிக்க வேண்டும். அரை டம்ளர் குடித்தால் டீ சரியில்லை என்று அர்த்தம்.

அந்தச் சமயம் பாகூரில் ஒரு டீக்கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. டிரம்மில் டீயை நிரப்பி சைக்கிளில் வயல்களுக்குக் கொண்டுபோவது. கடையில் சக்கரையைக் கலந்துதான் டிரம்மில் ஊற்றுவார்கள். அக்காவுக்கு மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. நான் வீட்டிலிருந்த சின்ன பிளாஸ்க்கைக் கொண்டுபோய், மாஸ்டரிடம் சக்கரை போடாமல் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கி, சாக்குக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். வரப்பில் இறங்கியதும் டிரம்முக்குப் பின்னால் குனிந்து அக்காவின் டம்ளரை பிளாஸ்க்கிலிருந்து நிரப்பிவிடுவேன். முதல் நாள் அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை முறைத்தாள். முழுசையும் குடித்து, தலையாட்டினாள். இரண்டாம் நாளும் நடந்தது. அவ்வளவு பெருமை எனக்கு எந்த ஊர் வேலையிலும் வந்ததில்லை.

மூன்றாம் நாள் பதினோரு மணி டீயின்போது ஒருத்தி பார்த்துவிட்டாள். தெரு முறைக்கு எனக்கு அண்ணி. கூட்டத்தில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

"அது இன்னா கொழுந்தனாரே, சாக்குக்குள்ள தனிக் கடை?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. தண்ணி."

"தண்ணியில ஆவி பறக்குதே. வெந்நீர்ல குளிக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓகோ," என்றாள் இன்னொருத்தி, கையில் கட்டி வைத்த நாற்று முடியோடு. "ஆள் கூட்டுற அம்மாவுக்கு ஸ்பெஷல் டீயா. யார் குடுத்துவிட்டா? கொல்லைக்காரரா? ஏக்கருக்குப் போன வருஷ ரேட்டுக்கே ஏன் தலையாட்டிட்டு வந்தாள்னு இப்பத்தான புரியுது."

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கூட்டத்துக்கு ஒரு டீ, அவளுக்கு ஒரு டீ என்றால் அவள் விலைபோய்விட்டாள் என்று பொருள். சமமாகப் பிரிக்கிற கூட்டத்தில் பால் கூடுதலாக விட்ட ஒரு டம்ளர் டீ கூட லஞ்சம்தான்.

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சேற்றிலிருந்து வரப்பில் ஏறினாள். டம்ளரில் இருந்த பிளாஸ்க் டீயைத் தரையில் கொட்டிவிட்டு, டிரம் குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பிக் குடித்தாள். இரண்டாவது நிரப்பினாள், குடித்தாள். மூன்றாவதையும் குடித்தாள். ஒவ்வொரு டம்ளருக்கும் எனக்கு அந்த விரல்தான் கண்ணில் தெரிந்தது. பிறகு டம்ளரை என் காலடியில் வீசினாள்.

"எனக்குத் தனியா ஊத்தச் சொல்லி உன்னை எவன்டா கேட்டான்? ஊர் ஊராத் திரிஞ்சிட்டு வந்து எங்க பொழப்புல கைவெக்கிறியா? போடா!"

நாக்கை அறுப்பேன் என்று சொல்லியிருந்தாள். என்னால் வாய் திறக்க முடியவில்லை. சைக்கிள், டிரம், பிளாஸ்க் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். போடா என்றால் போகத் தெரிந்தவன் நான்.

கரிக்கலாம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. வண்டிக்காரர் பெரிய தொப்பைக்காரர். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கரும்பு சீவ ஆள் இல்லை. வேலை கேட்டேன்.

"சீவத் தெரியுமா?"

கத்தியை வாங்கி நான்கு கழி சீவிக் காட்டினேன். பார்த்தார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு. ராத்திரி படுக்க எங்கே போவே?"

"எங்கயாவது."

"வண்டிக்குப் பின்னால ஷெட் கீது. படுத்துக்க." ஒரு கிளாஸ் ஜூஸ் பிடித்து நீட்டினார்.

"தண்ணி இருந்தா குடுங்கண்ணே."

"கரும்பு ஜூஸ் கடைக்கு வேலைக்கு வந்துட்டுத் தண்ணி கேக்குறான் பாரு" என்று அங்கே நின்ற லாரி டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சிரிக்கவில்லை. "எனக்கும் சக்கரை இருக்குப்பா. ஐஸ் போடாம ஒரு பெரிய கிளாஸ் குடு" என்றார்.

நான் அக்காவின் டம்ளரில் குடத்துத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தேன். நாளை முதல் இப்படி எத்தனை பேருக்கு ஐஸ் போடாமல் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். நினைத்து என்ன. வேலை வேலைதான். மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மேல் ஒரு ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அண்ணி. கெண்டைக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியும். இந்த ரோட்டை விட்டா உனக்கு வேற ரோடு தெரியாதே" என்றாள். வண்டியை நிறுத்தியதும் வண்டிக்காரரிடம், "அண்ணே, ஒரு ஜூஸ், எலுமிச்சை தூக்கலா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அக்காகாரி போடான்னா போயிடுவியா? அவ ஒரு நாளைக்கு எங்களை எத்தினி தபா போடின்றா, நாங்க போறோமா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். "அக்கா எங்க?"

"இரு, சொல்றேன்." ஜூஸை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். "நீ போன பெறவு எல்லாரும் சேத்துல எறங்கிட்டோம். ஒரு மணிக்குச் சோறு துன்ன ஏறினோம். உன் பிளாஸ்க்கு வரப்புல கெடந்துது. சரி, அந்த ஸ்பெஷல் டீ எப்படித்தான் இருக்குன்னு பாப்பமேன்னு அடியில இருந்ததை மூடியில ஊத்திக் குடிச்சேன். ஐயே! துப்பிட்டேன். ஒரு பொட்டு சக்கரை இல்ல. இன்னாடி இதுன்னு அடுத்தவகிட்ட குடுத்தேன். அவளும் மூஞ்சைச் சுளிச்சா. மூணாவது யார் குடிச்சா தெரியுமா? ரேட்டைப் பத்திப் பேசினாளே, அவ. குடிச்சிட்டு, 'இது எங்க வூட்டு டீ மாதிரி கீதே'ன்னு சொல்லிட்டா. வாய் தவறி வந்துடுச்சி."

"உங்க வூட்டு டீன்னா?"

"நாங்களும் அதைத்தான் கேட்டோம். ஏன்டி உங்க வூட்ல சக்கரைக்குப் பஞ்சமான்னு. அழுதுட்டா. ரெண்டு வருஷமா மாத்திரை போடுறாளாம். வூட்ல சக்கரை இல்லாத டீ, இங்க வந்தா எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சக்கரை டீ." இன்னொரு மடக்கு குடிக்கக் கிளாஸை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "அவளைப் பார்த்து இன்னொருத்தி. பெறவு..." இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் தட்டினாள். உள்ளே மாத்திரை அட்டை நொறுங்குகிற சத்தம். "பெறவு நான்."

கிளாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வண்டியின் பலகைமேல் தள்ளி வைத்தாள். "சிரிக்காதடா. பழக்கம்."

"அக்கா சொன்னாளா?"

"அவளா சொல்லுவா? நாங்கதான் ரெண்டு பக்கமும் பிடிச்சிக்கினு பால் கவரை அவுத்தோம். ஒதைக்க வந்தா. வெரலைப் பார்த்ததும் எனக்குச் சோறு எறங்கல. இதோட சேத்துல நின்னுக்கினு, எங்க முன்னாடி மூணு டம்ளர் குடிச்சாளே, அவ மனுசியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப முடிவு பண்ணிட்டோம். வெரல் புண்ணு மூடற வரைக்கும் அவ வரப்பை விட்டு எறங்கக் கூடாது. அங்கேருந்தே நாத்து முடியை எடுத்துப் போடட்டும். அவ நடவேண்டிய பத்தியை நாங்க ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கினோம். கூலியில அவ பங்கு அப்படியே நிக்கும். டீயும் இனிமே எல்லாருக்கும் ஒரே டிரம்தான், சக்கரை இல்லாம. வேணுங்கிறவ தனியாப் போட்டுக்கட்டும். சாயங்காலம் ஆள் கூப்பிட வந்தா எந்த வூட்லயும் தண்ணியைத் தவிர எதுவும் நீட்டக் கூடாது. காலனியிலயும் சரி, ஊர்த்தெருவுலயும் சரி. எல்லா வூட்லயும் ஒரே மாதிரி தண்ணி."

"கடையில சக்கரை இல்லாம டிரம் போட மாட்டாங்க அண்ணி."

"அதான் உன்னைத் தேடி வந்தேன், மண்டு. நீதான் ஊர் ஊரா டீ ஆத்தினவனாச்சே. வூட்லயே போடு. எங்க கூட்டத்துல பதினாலாவது ஆளா இரு. டீயும் மோரும் உன் வேலை. மிச்ச நேரம் நாத்துப் பறி."

நெஞ்சுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா கூப்பிடச் சொன்னாளா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "இல்ல. உன்னைக் கேக்கல. டம்ளரைக் கேட்டா. 'எருமை, என் டம்ளரையும் தூக்கினு போயிட்டான்'ன்னு நாலு தபா சொன்னா."

நான் எழுந்து பையை மாட்டினேன். வண்டிக்காரரிடம் நாளைக்கு வர முடியாது என்று சொன்னேன். "தண்ணி கேட்டப்பவே தெரியும், நீ நிக்க மாட்டேன்னு" என்றார். அண்ணி பாதி குடித்து வைத்த கிளாஸை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை உதைத்தாள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கட்டு புதிதாக இருந்தது. யாரோ கூட்டிப்போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நான் டம்ளரை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெளிச்சிட்டே."

"அது முன்னாடியே நெளிஞ்சிதான் இருந்துச்சி."

"இல்ல. நீதான் நெளிச்சே." டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "சோறு இருக்கு. போட்டுத் துன்னு."

மூன்று வாரத்தில் சக்கரை அவள் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. மெதுவாகத்தான் இறங்கியது. விரல் புண் மூடுவதற்குள் தை பிறந்துவிட்டது. நர்ஸம்மா டவுன் ஆஸ்பத்திரிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அந்த விரலில் இப்போது ஒரு தழும்புதான் மிச்சம். ஆனால் அன்று எங்களுக்கு அது எதுவும் தெரியாது.

மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து பெரிய குண்டானில் தண்ணீர் வைத்தேன். இஞ்சியைத் தட்டிப் போட்டேன். சக்கரை இல்லாத டீக்கு இஞ்சியும் ஏலக்காயும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நாக்கு சக்கரையைத் தேடுவது குறையும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடை கடையாக ஆற்றித் தெரிந்துகொண்டது. பாலும் தூளும் ஒரு டிரம்மும் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வந்திருந்தன. டிரம்மில் ஊற்றி, அண்ணி வீட்டுச் சைக்கிளில் கட்டி, விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரை வழியாகப் போனேன். பாதி வழியில்தான் தோள் லேசாக இருப்பதைக் கவனித்தேன். பையை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வயலில் நிலத்துக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய சக்கரை டப்பா. மூடியைத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"இன்னாத்துக்கு மாமா இது?" என்று அண்ணி சேற்றிலிருந்து கேட்டாள்.

"நாளைக்கு ஊர்ல இன்னான்னு பேசுவாங்க? நடவு ஆளுக்குச் சக்கரை கூடப் போடாத கஞ்சன்னு பேச மாட்டாங்களா? இதோ இருக்கு. வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க. எத்தினி வேணாலும் எடுத்துக்கங்க. நான் குடுக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்படியே பிடிச்சிக்கினு நில்லு மாமா. பொம்மை மாதிரி நல்லா இருக்கே. காக்கா கிட்ட வராது."

பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினார்கள். அக்கா வரப்பில்தான் இருந்தாள். காலுக்கு ரப்பர் செருப்பு போட்டு, நாற்று முடிகளுக்கு நடுவில், யாரோ தன்னை அங்கே கட்டி வைத்துவிட்ட மாதிரி கோபமாக நின்றாள். நான் அவள் டம்ளரை வாங்கி, குழாயைத் திறந்து, விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

அக்கா குடித்தாள். முகம் கோணியது. "கழுநீர் மாதிரி கீது" என்றாள். ஆனால் நிறுத்தவில்லை, முழுசாகக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, தலையாட்டினாள்.

பிறகு எல்லோரும் டம்ளரை நீட்டினார்கள். மூன்று பேர் மட்டும் நிலத்துக்காரரிடம் போய் ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்தார்கள். மற்றவர்கள் கைதட்டிக் கேலி செய்ததில் மூன்றாவதாகப் போனவள் அரை ஸ்பூனைத் திரும்பக் கொட்டிவிட்டாள். நான் காலி டம்ளர்களைப் பொறுக்கி வாய்க்காலில் அலசினேன்.

"பதினோரு மணிக்கு மோர் கொண்டாடா" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல் நாற்று முடியை வயலில் வீசிக்கொண்டே. "உப்பு கம்மியாப் போடு. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடு, நீட்டு நீட்டாப் போடாதே. டிரம்மைக் கழுவிட்டு ஊத்து. கடைக்காரன் மாதிரி அப்படியே ஊத்திக் கொண்டாராதே."

சரி என்று சொல்லிவிட்டு டிரம்மைக் கேரியரில் வைத்துக் கட்டினேன்.